சூப்பர்மேனைப் பெற்றவர்களைக் காப்பாற்றியது யார்?

சென்ற மாதம் ஒரு பஞ்சாலைத் தொழிற்சங்க அலுவலகத்தில் நடந்த பேச்சு இது. ராத்திரி ஷிப்டு முடிந்து, சந்தா கட்டுவதற்காக ஓர் இளம் தொழிலாளி வந்திருந்தார். பையிலிருந்து பணத்தை எடுக்கும்போது கூடவே ஒரு சித்திரக்கதைப் புஸ்தகமும் வெளியே வந்து விழுந்தது. வழவழப்பான அட்டை. அட்டையில் துப்பாக்கியும் குதிரையுமாக ஒரு வீரன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மூத்த தோழருக்குப் பொறுக்கவில்லை.

"ஏன் தம்பி, கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவன் நீ. இன்னுமா பொம்மைப் புஸ்தகம்?"

இளைஞர் கூசிப் போனார். ஆனாலும் விடவில்லை. "சின்ன வயசிலேருந்து மாசாமாசம் படிக்கிறேன் அண்ணே. சங்கத்துக்கும் சந்தா கட்டறேன், இதுக்கும் சந்தா கட்டறேன். இதிலே என்ன தப்பு?"

"தப்பா? இதெல்லாம் வெள்ளைக்காரன் விடற சரக்குப்பா! வானத்திலேருந்து ஒருத்தன் வந்து காப்பாத்துவான்னு நம்ம ஆளுங்களை நம்ப வைக்கிற வேலை."

இளைஞர் என் முகத்தைப் பார்த்தார். அன்று நான் சிரித்து மழுப்பிவிட்டேன். அது சரியல்ல என்று பிறகு பட்டது. கேள்வி சின்னக் கேள்வியல்ல. உழைத்துக் களைத்தவன் தன் ஓய்வு நேரத்தை எப்படிக் கழிக்கிறான், அந்த ஓய்விலும் அவனை யார் விற்று லாபம் சம்பாதிக்கிறார்கள் என்ற கேள்வி அது. எனவே அந்த இரண்டு தோழர்களுக்கும் இங்கே பதில் சொல்கிறேன்.

மாதம் பிறக்கக் காத்திருப்பவன்

முதலில் இளைஞர் பக்கம் பேசுகிறேன். 1972-ம் வருஷம் சிவகாசியில் முத்து காமிக்ஸ் தொடங்கியது. 1984ல் லயன் காமிக்ஸ் வந்தது. இரும்புக்கை மாயாவியைத் தெரியாத கிராமத்துப் பையன் ஒரு காலத்தில் அபூர்வம். வாங்க வழியில்லாதவன் வாடகைக்கு எடுத்துப் படித்தான். அதற்கும் வழியில்லாதவன் வாடகைக்கு எடுத்தவன் தோள் வழியாக எட்டிப் பார்த்துப் படித்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பழக்கமே பலருக்கு இந்தப் புஸ்தகங்களால்தான் வந்தது. பள்ளிக்கூடம் பாதியில் நின்று போனவனும் இதை மட்டும் நிறுத்தவில்லை.

ரசிகன் என்பவன் யார்? ஒரு மாத இதழ் தவறினால் பழைய புஸ்தகக் கடையெல்லாம் ஏறி இறங்குபவன். எந்த இதழில் எந்த வில்லன் வந்தான் என்று மனப்பாடமாகச் சொல்பவன். வரைந்தவர் மாறினால் முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்து, "இந்த மாசம் கை வேற" என்பவன். இவ்வளவு பொறுமையும், ஞாபகமும், விசுவாசமும் உள்ளவனை முட்டாள் என்று ஒதுக்கிவிட நமக்கு என்ன உரிமை? மார்க்சியவாதிக்குச் சித்திரக்கதை ஆகாது என்பாரும் உண்டு. பிரான்ஸ் நாட்டுக் கம்யூனிஸ்ட் நாளேடான "லூமானிதே" 1948-ம் வருஷம் முதல் பிஃப் என்ற நாய்க்குட்டியின் சித்திரக்கதையை வெளியிட்டு வந்தது. அதை வரைந்த ஹோசே கப்ரேரோ அர்னால், ஸ்பெயின் குடியரசுக்காக நின்றவர். ஹிட்லரின் மௌதாவ்சன் சித்திரவதை முகாமிலிருந்து உயிரோடு மீண்டவர். அந்தக் கை குழந்தைகளைச் சிரிக்க வைக்க நாய்க்குட்டி வரைந்ததை யார் குறை சொல்ல முடியும்?

ஆகவே, படிப்பதில் குற்றமில்லை. ஆனால் விஷயம் அதோடு முடிந்துவிடவில்லை. மாதா மாதம் நாம் கொடுக்கும் காசு எங்கே போகிறது? நாம் நேசிக்கும் அந்த வீரனைப் படைத்தவன் சாப்பிட்டானா, பட்டினி கிடந்தானா? இந்தக் கேள்வியைக் கேட்காத ரசிகன் பாதி ரசிகன்தான். இதற்குப் பதில் தேட, மாத வீரர்களிலெல்லாம் பெரிய வீரனுடைய ஊருக்கே போவோம்.

13 பக்கம், 130 டாலர்

அமெரிக்காவில் 1938 ஜூன் தேதியிட்டு "ஆக்ஷன் காமிக்ஸ்" என்ற மாத இதழின் முதல் புஸ்தகம் வந்தது. விலை 10 சென்ட். அதில்தான் சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றினான். அந்த இதழ் இடையில் சில காலம் வாரா வாரமும், மாதம் இருமுறையும் வந்ததுண்டு, ஆனால் நின்றுவிடவில்லை. 2018 ஏப்ரலில் 1000-மாவது இதழ் வெளிவந்தது. தாத்தா தொடங்கிய வரிசையைப் பேரன் தொடர்கிறான்.

அவனைப் படைத்தவர்கள் கிளீவ்லாந்து நகரத்துப் பள்ளிக்கூடச் சிநேகிதர்கள் இருவர். கதை எழுதியவர் ஜெர்ரி சீகல். படம் வரைந்தவர் ஜோ ஷஸ்டர். இருவரும் 1914ல் பிறந்தவர்கள். ஐரோப்பாவிலிருந்து பிழைக்க வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். ஷஸ்டரின் தகப்பனார் தையற்காரர். சீகலின் தகப்பனார் துணிக்கடை வைத்திருந்தவர்; 1932ல் கடையில் திருடர்கள் புகுந்தபோது அங்கேயே விழுந்து உயிர்விட்டார். நாடெங்கும் வேலையில்லாத் திண்டாட்டம் தாண்டவமாடிய காலம் அது. படம் வரையக் காகிதம் வாங்கக் காசில்லாமல் சுவரில் ஒட்டும் காகிதத்தின் பின்பக்கத்தில் வரைந்தார் ஷஸ்டர்.

இவர்களும் முதலில் ரசிகர்கள்தான்! விஞ்ஞானக் கதைப் பத்திரிகைகளுக்கு ஓயாமல் கடிதம் எழுதியவர் சீகல். போதாதென்று, நம் சங்கத் துண்டுப் பிரசுரங்களை ஒரு காலத்தில் சைக்ளோஸ்டைல் செய்தோமே, அதே மாதிரி தானே அச்சிட்டு ஒரு சின்னப் பத்திரிகையும் நடத்தினார். சூப்பர்மேன் கதையை எடுத்துக்கொண்டு வருஷக்கணக்கில் அலைந்தார்கள். யாரும் வாங்கவில்லை.

கடைசியில் 1938 மார்ச் மாதம் ஒரு கம்பெனி வாங்கியது. பக்கத்துக்கு 10 டாலர் வீதம் 13 பக்கத்துக்கு 130 டாலர். அந்தப் பணத்துக்கு அவர்கள் கொடுத்தது 13 பக்கத்தை மட்டுமல்ல. சூப்பர்மேன் என்ற பெயர், உருவம், இனி எழுதப்போகும் கதைகள் உள்பட அத்தனை உரிமையையும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எதிரே இருந்தவன் காகிதத்தை நீட்டினான். பசி கையெழுத்துப் போட்டது. நம் கிராமங்களில் பத்திரத்தைப் படிக்காமல் கைநாட்டு வைத்து நிலத்தை இழந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

சில வருஷங்கள் அவர்களுக்குப் பக்கக் கூலி நன்றாகவே வந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் புஸ்தகம் மாதம் பல லட்சம் விற்றது. ரேடியோ, பொம்மை, சட்டை, சினிமா என்று எங்கும் சூப்பர்மேன். வெள்ளமாக வந்த லாபத்தில் அவர்களுக்கு உரிமைப் பங்கு கிடையாது. 1947ல் கோர்ட்டுக்குப் போனார்கள். 1948ல் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு சமரசம் செய்துகொள்ள நேர்ந்தது. அத்தோடு வேலையும் போயிற்று; புஸ்தகத்திலிருந்து அவர்கள் பெயரும் போயிற்று!

கோபம் எங்கே போயிற்று?

இங்கே மூத்த தோழருக்கு ஒரு செய்தி. அந்த முதல் வருஷத்துச் சூப்பர்மேன் எப்படிப்பட்டவன் தெரியுமா? மூன்றாவது இதழின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் விபத்து. ஒரு தொழிலாளி உள்ளே அகப்பட்டு ஊனமாகிறார். பாதுகாப்பு இல்லை என்று முன்பே முறையிட்டும் பலனில்லை. முதலாளியோ தன்மேல் குற்றமில்லை என்கிறான். அவன் மாளிகையில் விருந்து நடக்கிறது. சூப்பர்மேன் சுரங்கத் தொழிலாளி வேஷத்தில் அங்கே போகிறான். குடிமயக்கத்தில் இருந்த விருந்தாளிகள் வேடிக்கை பார்க்கச் சுரங்கத்துக்குள் இறங்குகிறார்கள். அவன் வழியை அடைத்துவிடுகிறான்! அபாய மணி வேலை செய்யவில்லை. பட்டுச் சட்டைக்காரர்கள் மண்வெட்டியைப் பிடித்துத் தாங்களே தோண்ட வேண்டியதாயிற்று. முதலாளிக்கு அப்போதுதான் புத்தி வருகிறது. எட்டாவது இதழில், 1939 ஜனவரியில், நகரத்துச் சேரிகளை அவன் இடித்துத் தள்ளுகிறான். சர்க்கார் அந்த இடத்தில் நல்ல வீடுகள் கட்டிக்கொடுக்க வேண்டி வருகிறது.

தையற்காரர் வீட்டுப் பிள்ளையின் கோபம் அந்தப் பக்கங்களில் இருந்தது. அதனால்தான் ஜனங்கள் அவனைத் தம்மவனாக நினைத்தார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? சரக்கின் மதிப்பு ஏற ஏற, வீரனுடைய கோபம் இறங்கியது. சுரங்க முதலாளியை விட்டுவிட்டு வங்கிக் கொள்ளைக்காரனையும் வேற்றுக் கிரகத்து அரக்கனையும் துரத்தப் போய்விட்டான். 1954-ம் வருஷம் பிரசுரக் கம்பெனிகள் தாங்களே கூடி ஒரு கட்டுப்பாட்டு விதி வகுத்தன. குழந்தைகளைக் கெடுக்கும் கோரக் கதைகளைத் தடுக்கிறோம் என்றார்கள். கோரக் கதைகள் இருந்தது உண்மைதான். ஆனால் அதே விதியில், போலீசாரையும் நீதிபதிகளையும் சர்க்கார் அதிகாரிகளையும் மரியாதை குறையும்படி காட்டக்கூடாது என்றும் சேர்த்தார்கள். குழந்தையின் பெயரைச் சொல்லி யாரைக் காப்பாற்றினார்கள், பார்த்தீர்களா?

ஆகவே மூத்த தோழர் சொன்னதிலும் நியாயம் உண்டு. அந்த மூன்றாவது இதழ்க் கதையிலேயே ஒரு குறை இருக்கிறது. அங்கே சுரங்கத் தொழிலாளர் சங்கம் இல்லை. ஒருவன் வந்து மாயம் செய்கிறான். முதலாளி மனம் மாறுகிறான். நாம் கண்ட முதலாளிகளில் எத்தனை பேர் மனம் மாறினார்கள்? பேச்சுவார்த்தை மேஜைக்கே அவர்களை இழுத்து வர எத்தனை நாள் கதவடைப்பைத் தாங்க வேண்டியிருந்தது!

அன்பே கூலியைக் குறைத்த கதை

ரசிகர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சம்பவம் 1968 வாக்கில் நடந்தது. சூப்பர்மேன் கம்பெனிக்கு வருஷக்கணக்கில் கதை எழுதிவந்த மூத்த எழுத்தாளர்கள் சிலர் ஒன்றுகூடி, வைத்திய இன்ஷூரன்ஸ், வயதான காலத்துக்கு ஒரு பாதுகாப்பு ஆகியவற்றைக் கேட்டார்கள். நியாயமான கோரிக்கை. நம் மில் தொழிலாளி பிராவிடண்டு பண்டும் இ.எஸ்.ஐ.யும் கேட்பது போலத்தான். அவர்களுக்குக் கிடைத்தது என்ன? கொஞ்சம் கொஞ்சமாக வேலை குறைந்தது. பலருக்கு ஒரேயடியாக நின்றது.

அந்த இடத்துக்கு யார் வந்தார்கள்? ரசிகர்கள்! சிறு வயதிலிருந்து மாதா மாதம் படித்து வளர்ந்த இளைஞர்கள். அந்த வீரனை எழுதும் பாக்கியம் கிடைத்தால் போதும் என்று வந்தார்கள். அவர்கள்மேல் நான் குற்றம் சொல்லமாட்டேன். வெளியேற்றப்பட்டவர்கள் கேட்டது இன்னதென்று அவர்களுக்குச் சொல்ல யாரும் இல்லை. ஆனால் அவர்களுடைய அன்பை நிர்வாகம் கூலிக் குறைப்புக்குப் பயன்படுத்திக்கொண்டது. வேலையின்மேல் ஆசையுள்ளவனிடம் கூலி பேசவேண்டியதில்லை என்பது முதலாளிக்குத் தெரியும். நெசவாளியிடம் "கலை" என்பான். நர்ஸிடம் "சேவை" என்பான். சம்பளத்தை மட்டும் பேசமாட்டான்.

வாங்குபவனையும் விட்டுவைக்கவில்லை. 1992 நவம்பரில் சூப்பர்மேன் இறந்துவிட்டதாக ஓர் இதழ் விட்டார்கள். கறுப்பு உறையில் போட்டு, கையில் கட்டிக்கொள்ளக் கறுப்புத் துணியும் வைத்து விற்றார்கள். பின்னால் விலை ஏறும் என்று நம்பி ஒரே ஆள் பல பிரதி வாங்கினான். விலை ஏறவில்லை, சூப்பர்மேன்தான் எழுந்து வந்துவிட்டான்! அந்தச் சூதாட்ட மோகம் வடிந்தபோது ஆயிரக்கணக்கான சின்னக் கடைகள் மூடப்பட்டன. ஆசை காட்டியவர்கள் தப்பித்தார்கள், கடைக்காரன் கடனாளியானான்.

எந்த வீரன் வந்தான்?

இப்போது தலைப்பில் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

1975-ம் வருஷம். சூப்பர்மேன் கதையைப் பிரம்மாண்டமான சினிமாவாக எடுக்கப் போவதாகச் செய்தி வந்தது. அப்போது ஜெர்ரி சீகல் லாஸ் ஏஞ்சல்சில் சாதாரண குமாஸ்தா. ஜோ ஷஸ்டருக்கோ கண் பார்வை கிட்டத்தட்டப் போய்விட்டது. எந்தக் கை சூப்பர்மேனை வரைந்ததோ அந்தக் கையால் வேலை செய்ய முடியவில்லை. சீகல் மனம் கொதித்து, நடந்ததையெல்லாம் எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்.

வானத்திலிருந்து யாரும் பறந்து வரவில்லை. வந்தவர்கள் சக தொழிலாளிகள். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் என்ற இரண்டு சித்திரக்காரர்கள் முன்நின்றார்கள். சித்திரக்காரர்கள் சங்கம் ஆதரவுத் தீர்மானம் போட்டது. பத்திரிகைகளிலும் டெலிவிஷனிலும் இந்த அநியாயம் ஊரறிந்த விஷயமாயிற்று. படித்து வளர்ந்த ரசிகர்கள் வெட்கப்பட்டார்கள். படம் வெளிவரப்போகும் நேரத்தில் கெட்ட பெயர் கம்பெனிக்கு நஷ்டம். 1975 டிசம்பரில் கம்பெனி இறங்கி வந்தது. இருவருக்கும் ஆயுள் வரை வருஷத்துக்கு 20 ஆயிரம் டாலர், வைத்தியச் செலவு, இழந்த பெயர் மறுபடியும் புஸ்தகத்தில். இன்றைக்கும் சூப்பர்மேன் கதையில் அந்த இருவர் பெயரும் இருக்கிறது என்றால் அது அந்தப் போராட்டத்தால்தான்.

இது முழு வெற்றியா? இல்லை. 1978ல் வந்த அந்தப் படத்தில் சூப்பர்மேனின் தகப்பனாக நடித்த மார்லன் பிராண்டோவுக்குக் கொடுத்தது 37 லட்சம் டாலர். கதையில் வரும் தகப்பனுக்கு 37 லட்சம். உண்மையில் பெற்ற தகப்பன்மாருக்கு வருஷத்துக்கு 20 ஆயிரம்! ஷஸ்டர் 1992லும் சீகல் 1996லும் காலமானார்கள். 10 சென்டுக்கு விற்ற அந்த முதல் புஸ்தகத்தின் ஒரு பிரதி 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. இருந்தாலும் தோழர்களே, 130 டாலரோடு முடிந்து போயிருக்க வேண்டிய கதையை அந்த அளவுக்காவது திருப்பியது எது? சூப்பர்மேனின் பலமா? இல்லை. மனிதர்கள் சேர்ந்து நின்ற பலம்.

அந்தப் பாடம் அங்கே வீண்போகவில்லை. 1992ல் புகழ்பெற்ற சித்திரக்காரர்கள் ஏழு பேர், வரைந்தவனுக்கே உரிமை என்று சொல்லித் தனியாக "இமேஜ் காமிக்ஸ்" கம்பெனியைத் தொடங்கினார்கள். நல்ல காரியம். ஆனால் அந்தக் கம்பெனியிலும் அலுவலகத் தொழிலாளி தொழிலாளியாகவே இருந்தான். 2021 நவம்பரில் அவர்கள் சங்கம் அமைத்தார்கள். 2022 ஜனவரியில் வாக்கெடுப்பில் ஜெயித்து அங்கீகாரம் பெற்றார்கள். சங்கம் சின்னது. ஆனால் அமெரிக்கச் சித்திரக்கதைக் கம்பெனி ஒன்றில் வேர்பிடித்த முதல் சங்கம் அதுதான். முதல் சூப்பர்மேன் வந்து 80 வருஷத்துக்கு மேல் ஆனபிறகு, அந்தத் தொழிலில் உண்மையான வீரன் பிறந்தான்!

ரசிகன் செய்ய வேண்டியது

1960களின் தொடக்கத்தில் அந்தப் புஸ்தகங்களில் வாசகர் கடிதங்களை முழு விலாசத்தோடு போட ஆரம்பித்தார்கள். என்ன நடந்தது தெரியுமா? விலாசத்தைப் பார்த்து ரசிகனுக்கு ரசிகன் கடிதம் எழுதிக்கொண்டான். "நான் ஒருவன்தான்" என்று மூலையில் உட்கார்ந்து படித்தவன், தன்னைப் போல ஆயிரம் பேர் இருக்கிறார்கள் என்று கண்டான். தாங்களே பத்திரிகை நடத்தினார்கள், மாநாடு கூட்டினார்கள், பெயர் போடாமல் வந்த கதைகளை எழுதியவர் யார், வரைந்தவர் யார் என்று துருவிக் கண்டுபிடித்தார்கள். முதலாளி அழித்த பெயர்களில் பலவற்றை ரசிகன் மீட்டான்.

ஆகவே அந்த இளம் தோழருக்குச் சொல்கிறேன்: தாராளமாகப் படியுங்கள். தலை குனிய வேண்டாம். ஆனால் முதல் பக்கத்தில் எழுதியவர் பெயர், வரைந்தவர் பெயர், தமிழில் கொண்டுவந்தவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கேட்டு எழுதுங்கள். ஒரே பிரதியைப் பத்துப் பேருக்குக் கொடுங்கள். உங்கள் வீரனைப் படைக்கும் தொழிலாளிகள், அவர்கள் எந்த நாட்டவரானாலும், நியாயம் கேட்கும்போது அவர்கள் பக்கம் நில்லுங்கள். உங்கள் அன்பைக் காட்டி அடுத்தவன் கூலியைக் குறைக்க இடம் கொடுக்காதீர்கள்.

மூத்த தோழருக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை அந்தப் பையன் வரும்போது அந்தப் புஸ்தகத்தை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். "இந்த மாசம் என்ன கதை தம்பி?" என்று கேளுங்கள். மாதா மாதம் தவறாமல் ஒன்றைப் பின்தொடரும் விசுவாசம் லேசில் வருவதில்லை. அந்த விசுவாசம்தான் சங்கத்துக்கும் வேண்டும். அவனைக் கேலி செய்து வெளியே தள்ளினால் நஷ்டம் யாருக்கு?

அன்று அந்த இளைஞர் இரண்டு சந்தாவையும் சேர்த்துச் சொன்னார். இரண்டும் ஒன்றல்ல என்பதும் உண்மை. ஒன்று, வீரன் வருவான் என்று காத்திருக்கச் செய்கிறது. மற்றொன்று, வரவேண்டியவர்கள் நாமேதான் என்று சொல்கிறது. இரண்டையும் கட்டட்டும். இரண்டாவதை ஒருநாளும் பாக்கி வைக்கவேண்டாம்.